இரண்டாம் இருக்கையின் வரலாறு: விமானிகள் குழுவாகப் பணியாற்றக் கற்ற கதை

2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. அதில் இருந்த 166 பேரில் 158 பேர் மாண்டனர். 2020 ஆகஸ்ட் 7 அன்று அதே துபாயிலிருந்து கோழிக்கோட்டிற்கு வந்த அதே நிறுவனத்தின் விமானம் மழைக்கிடையே ஓடுபாதையைத் தாண்டி விழுந்தது. அதில் இருந்த 190 பேரில் 21 பேர் மாண்டனர். இரண்டும் போயிங் 737-800 வகை விமானங்கள். இரண்டு ஓடுபாதைகளும் குன்றின் உச்சியைச் சமன்செய்து அமைத்த 'டேபிள் டாப்' வகையின. இவ்வொற்றுமைகளை நாளிதழ்கள் அன்றே எழுதிவிட்டன. விசாரணை அறிக்கைகளைப் படிப்போருக்கு வேறோர் ஒற்றுமை புலப்படும். இரண்டு விமானங்களிலும் தரையிறங்கும் முயற்சியைக் கைவிட்டு மீண்டும் மேலெழும்படி துணை விமானி கூறியிருந்தார். 'கோ அரவுண்ட்' என்னும் அச்சொல் இருமுறையும் ஒலிப்பதிவுக் கருவியில் பதிவாகியிருந்தது. இருமுறையும் தலைமை விமானி அதற்குச் செவிசாய்க்கவில்லை. இருமுறையும் துணை விமானி கட்டுப்பாட்டைத் தம் கைக்கு எடுத்துக்கொள்ளவும் இல்லை.

ஆபத்தை உணர்ந்து, வாய்திறந்து சொல்லவும் செய்த ஒருவரின் கை ஏன் அசையவில்லை? இவ்வினாவைத் தனிமனிதரின் துணிவின்மை என்று கூறி முடித்துவிடுவது எளிது. ஆனால் அது வரலாற்றுக்குப் பொருந்தாது. விமானி அறையின் இரண்டாம் இருக்கைக்கு எத்தகைய கடமை, எத்தகைய உரிமை, எத்தகைய பயிற்சி என்பவை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாகச் சிறுகச் சிறுக உருவானவை. மாணவ விமானிகளுக்கு இன்று கற்பிக்கப்படும் குழுப்பணிப் பயிற்சி அவ்வரலாற்றின் விளைபொருள். அதில் எஞ்சியுள்ள இடைவெளியும் அவ்வரலாற்றின் விளைபொருளே.

விமானப் பறப்பு தனியொருவர் கலையாகவே தொடங்கியது. இந்தியாவில் வானஞ்சல் பிறந்த நிகழ்வே அதற்குச் சான்று. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா ஒரு சிறிய 'புஸ் மாத்' விமானத்தில் அஞ்சல் பைகளுடன் கராச்சியிலிருந்து பம்பாய் ஜுஹூவரை தனியாகவே ஓட்டிவந்தார். அங்கிருந்து சென்னைவரை அஞ்சலைக் கொண்டுசென்றவர் நெவில் வின்சென்ட் என்னும் விமானி. வழியறிதல், வானிலை கணித்தல், எஞ்சினின் ஓசையைக் கேட்டுப் பழுதுணர்தல் ஆகிய அனைத்தும் ஒரே மனத்திற்குள் நிகழ்ந்தன. உரிமம் வழங்கும் முறையும் அக்காலத்தின் இலக்கணத்தையே பின்பற்றி வளர்ந்தது. ஒருவர் எத்தனை மணி நேரம் தம் சொந்தப் பொறுப்பில் பறந்தார் என்பதே தகுதியின் அளவுகோலாயிற்று.

விமானங்கள் பெரிதானபோது இரண்டாம் இருக்கை தேவைப்பட்டது. ஆனால் அந்த இருக்கைக்குரிய சமூகவியல் கப்பலிலிருந்து கடன்வாங்கப்பட்டது. 'கேப்டன்', 'ஃபர்ஸ்ட் ஆபீசர்' என்னும் பதவிப் பெயர்களும், சட்டைத் தோளில் நான்கு கோடுகளும் மூன்று கோடுகளும் என்னும் வரிசையும் கடல்வழி வந்தவை. பெயர்களோடு கப்பல் தலைவனின் தனியதிகாரமும் விமானத்தில் ஏறிக்கொண்டது. துணை விமானி என்பவர் கைகள் போதாதபோது உதவுபவர், தலைமை விமானி மயங்கி விழுந்தால் பயன்படுபவர், காலப்போக்கில் தாமும் தலைமை விமானி ஆகவிருப்பவர். தலைமை விமானி நலமாக விழித்திருந்து, ஆனால் தவறாக முடிவெடுக்கும் வேளையில் அவர் என்ன செய்யவேண்டும் என்பதற்கு விடை எழுதப்படவில்லை.

அவ்விடையின்மையை வெளிக்கொணர்ந்தது ஒரு கருவி. 1960களில் விமானி அறை ஒலிப்பதிவுக் கருவி அமெரிக்காவில் கட்டாயமாக்கப்பட்டது. பிற நாடுகளும் தொடர்ந்தன. அதுவரை விபத்தாய்வாளர்கள் சிதைந்த உலோகத்தை மட்டுமே ஆராய முடிந்தது. இப்போது இறந்தோரின் இறுதி உரையாடலைக் கேட்க முடிந்தது. ஜெட் எஞ்சின்களின் நம்பகத்தன்மை உயர்ந்து இயந்திரப் பழுதுகள் குறைந்துவந்த காலமும் அதுவே. ஆகவே எஞ்சியிருந்த விபத்துகளில் மனிதர் ஒருவரோடொருவர் பேசிய முறையும் பேசாதிருந்த முறையும் பளிச்செனத் தெரியத் தொடங்கின.

1972 டிசம்பர் 29 இரவு ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று மயாமிக்கு அருகே சதுப்பு நிலத்தில் விழுந்து நொறுங்கியது. முன் சக்கரம் இறங்கியதைக் காட்டும் சிறிய விளக்கு எரியவில்லை. விமானி அறையிலிருந்த அனைவரும் அவ்விளக்கிலேயே மூழ்கியிருக்க, விமானம் மெல்லக் கீழிறங்கிக்கொண்டிருந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவின் பனிமூட்டம் கவிந்த ஓடுபாதையில் கே.எல்.எம்., பான் ஆம் நிறுவனங்களின் இரு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் மாண்டனர். கே.எல்.எம். விமானத்தின் தலைவர் அந்நிறுவனத்தின் மூத்த பயிற்றுநர். அருகிலிருந்த துணை விமானிக்கு அவ்வகை விமானத்திற்கான தகுதித் தேர்வை அண்மையில் நடத்தியவரும் அவரே. எதிரே நின்ற விமானம் ஓடுபாதையைவிட்டு விலகிவிட்டதா என்னும் ஐயத்தைப் பறப்புப் பொறியாளர் வினாவாக எழுப்பினார். விலகிவிட்டது என்று தலைவர் அழுத்தமாகக் கூறியதும் வினா அடங்கிவிட்டது.

1978ஆம் ஆண்டின் முதல் நாளும் கடைசி வாரமும் இவ்வரலாற்றில் இடம்பெறுகின்றன. ஜனவரி 1 அன்று இரவு பம்பாயிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியாவின் 'எம்பரர் அசோகா' ஜம்போ விமானம் சில நிமிடங்களில் அரபிக்கடலில் வீழ்ந்தது. 213 பேரும் மாண்டனர். தலைமை விமானியின் முன்னிருந்த, விமானத்தின் சாய்வைக் காட்டும் கருவி பழுதாகியிருந்தது. வெளியே இருள், கீழே கடல். கண்ணுக்கு அடிவானம் இல்லை. சரியாக இயங்கிய மாற்றுக் கருவி அதே அறையில்தான் இருந்தது. ஒருவருக்குத் தெரிந்த உண்மை மற்றவரின் கைகளைச் சென்றடைய வேண்டிய சில நொடிகளே போதாமற்போயின. அவ்வாண்டு டிசம்பர் 28 அன்று யுனைடெட் ஏர்லைன்ஸின் டி.சி.-8 விமானம் சக்கரக் கோளாற்றை ஆராய்ந்தபடி போர்ட்லேண்ட் நகருக்கு மேலே ஏறத்தாழ ஒரு மணி நேரம் வட்டமிட்டது. எரிபொருள் தீர்ந்து புறநகரில் விழுந்தது. பத்துப் பேர் மாண்டனர். எரிபொருள் குறைவதை மற்ற இருவரும் அறிந்திருந்தனர், கூறவும் செய்தனர். அந்தக் கூற்று எச்சரிக்கையின் வலுவோடு வெளிப்படவில்லை. தலைமை விமானிகளுக்குப் பிறரைக் கலந்து முடிவெடுக்கும் பயிற்சியும், மற்றவர்களுக்குத் தம் கருத்தை உறுதியோடு முன்வைக்கும் பயிற்சியும் வேண்டும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதனையொட்டிப் பரிந்துரைத்தது. குழுப்பணிப் பயிற்சியின் இரு கால்களும் இப்பரிந்துரையிலேயே உள்ளன என்பது நினைவில் இருத்தத்தக்கது: ஒன்று சொல்லக் கற்பது, மற்றொன்று கேட்கக் கற்பது.

கோட்பாட்டுத் தளத்தில் அதற்கு முன்பே அடித்தளம் இடப்பட்டிருந்தது. விமானி அறையில் இருவருக்கிடையே நிலவும் அதிகார வேறுபாட்டைச் 'சரிவு' என்னும் உருவகத்தால் விளக்கியவர் எல்வின் எட்வர்ட்ஸ் என்னும் பிரித்தானிய ஆய்வாளர். சரிவு செங்குத்தானால் கீழிருப்பவரின் சொல் மேலேறாது. சரிவே இல்லையெனில் யார் முடிவெடுப்பது என்பது தெளிவாகாது. 1979இல் நாசாவுக்காக ரஃபெல் ஸ்மித் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சோதனைச் சான்று அளித்தது. ஜம்போ விமான சிமுலேட்டரில் ஒரே சிக்கலைப் பல குழுக்களுக்குக் கொடுத்தபோது, தனித்திறமையில் குறைவற்ற குழுக்கள் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டன. தலைமையும் வேலைப் பங்கீடும் தகவல் பரிமாற்றமுமே அவ்வேறுபாட்டை விளக்கின. அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நாசா கூட்டிய பயிலரங்கில் இச்சிந்தனைகள் ஒன்றுசேர்ந்தன. 'காக்பிட் ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட்' என்னும் தொடர் புழக்கத்திற்கு வந்தது.

1981இல் யுனைடெட் ஏர்லைன்ஸ் முதல் முழுமையான பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. அது மேலாண்மைக் கல்வியிலிருந்து பெறப்பட்டது. பிளேக், மூட்டன் ஆகியோர் வகுத்த தலைமைப் பண்புக் கட்டங்களை அடிப்படையாகக் கொண்டது. விமானிகள் பலர் அதை விரும்பவில்லை. இனிமையாகப் பேசக் கற்றுத்தரும் பள்ளி என்று ஏளனமும் செய்தனர். அவ்வேளனத்தில் ஓரளவு நியாயமும் இருந்தது. ஒருவரது ஆளுமையைத் திருத்துவது வேறு. ஓர் எஞ்சின் அணைந்த நொடியில் யார் எதைச் செய்வது என்பதை வகுப்பது வேறு. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹெல்ம்ரைக் இப்பயிற்சியின் வளர்ச்சியைத் தலைமுறைகளாகப் பகுத்தபோது முதல் தலைமுறையின் குறையாகச் சுட்டியதும் இதையே. அடுத்த தலைமுறைகள் உளவியல் வகுப்பறையிலிருந்து சிமுலேட்டருக்கு நகர்ந்தன. தனித்தனிப் பயிற்சிகளுக்கு மாறாக, புறப்பாடு முதல் தரையிறக்கம்வரை ஒரு முழுப் பயணத்தைக் குழுவாக நடத்திக்காட்டும் முறை வலுப்பெற்றது.

இக்காலத்தில் பெயரிலும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. 'காக்பிட்' என்னும் சொல் உதிர்ந்து 'குரூ' என்னும் சொல் அதன் இடத்தைப் பெற்றது. அது வெறும் சொல்மாற்றம் அன்று. 1989 ஜனவரி 8 அன்று இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே பிரிட்டிஷ் மிட்லேண்ட் விமானம் விழுந்து 47 பேர் மாண்டனர். பழுதான இடப்பக்க எஞ்சினுக்குப் பதிலாக நல்ல நிலையிலிருந்த வலப்பக்க எஞ்சினை விமானிகள் அணைத்திருந்தனர். இடப்பக்கத்தில் தீப்பொறி பறந்ததைப் பயணிகளும் பணிப்பெண்களும் கண்டிருந்தும், கதவைத் தாண்டி அச்செய்தி முன்னே செல்லவில்லை. குழு என்பது இரு இருக்கைகளோடு முடிவதன்று என்பதை அவ்விபத்து உணர்த்தியது. அவ்வாண்டு ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் நிகழ்ந்தது இதன் மறுபக்கம். யுனைடெட் நிறுவனத்தின் டி.சி.-10 விமானம் ஹைட்ராலிக் அமைப்பு முழுவதையும் இழந்தது. அந்நிலைக்கு எந்தக் கையேட்டிலும் விடை இல்லை. கேப்டன் ஆல் ஹேன்ஸ் பயணியாக வந்திருந்த பயிற்றுநர் டென்னி ஃபிட்சையும் விமானி அறைக்குள் அழைத்து, எஞ்சின் விசையை மட்டுமே கொண்டு விமானத்தைத் திருப்பும் பணியை அவரிடம் ஒப்படைத்தார். 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஏற்று நால்வரின் அறிவையும் ஒருங்கே பயன்படுத்த முடிந்ததற்கு நிறுவனம் அளித்த குழுப்பணிப் பயிற்சியே காரணம் என்று ஹேன்ஸ் பின்னர் பலமுறை கூறினார்.

அதுவரை இப்பயிற்சி பணியிலுள்ள விமானிகளுக்கே உரியதாயிருந்தது. மாணவப் பருவத்திலேயே இதனை ஊட்டவேண்டும் என்னும் கருத்து 1990களில் ஐரோப்பாவில் விதியாயிற்று. உரிமம் பெற்ற மாணவர் ஒரு பயணிகள் விமானத்தின் வகைப் பயிற்சிக்குள் நுழையுமுன் 'மல்ட்டி குரூ கோஆப்பரேஷன்' என்னும் தனிப்பாடத்தை முடிக்கவேண்டும் என்பதே அவ்விதி. அதன் உள்ளடக்கம் பார்வைக்கு எளியது. விமானத்தை ஓட்டுபவர் ஒருவர், கண்காணிப்பவர் ஒருவர் எனப் பணி பிரிக்கப்படுகிறது. பயணத்திற்குப் பயணம் இப்பணிகள் மாறலாம், தலைமைப் பொறுப்பு மாறாது. ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்த்து மறுமொழி கூறும் சரிபார்ப்புப் பட்டியல், இறங்குமுன் திட்டத்தை உரக்கப் பகிரும் முன்னுரை, வேகமோ உயரமோ வரம்பு கடந்தவுடன் கூறவேண்டிய வரையறுத்த சொற்கள், கட்டுப்பாடு கைமாறும்போது இருவரும் கூறவேண்டிய வாய்மொழி ஆகியவை பழக்கமாகும்வரை பயிலப்படுகின்றன. முன்பு 'ஓட்டாத விமானி' என்று எதிர்மறையாக அழைக்கப்பட்டவர் பின்னர் 'கண்காணிக்கும் விமானி' எனப் பெயர் பெற்றார். வேலையற்றவர் என்ற நிலை மாறி, தனிக் கடமை உடையவர் என்னும் நிலையை அப்பெயர் அவருக்கு அளித்தது.

2006இல் பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு மேலும் ஒரு படி சென்றது. குழு விமானி உரிமம் என்னும் புதுவகை உரிமத்தை அது ஏற்றது. இதில் மாணவர் தொடக்கம் முதலே பயணிகள் விமானத்தின் இரண்டாம் இருக்கைக்காகப் பயிற்றுவிக்கப்படுகிறார். குறைந்தது 240 மணி நேரப் பயிற்சியின் பெரும்பகுதி சிமுலேட்டரிலேயே நிகழலாம். வானத்தில் தனியே பறந்து பெறும் பட்டறிவு குறைகிறது என்னும் எதிர்ப்பு உடனே எழுந்தது; அவ்விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆயினும் அவ்வுரிமம் ஓர் அடிப்படை முரணைச் சுட்டிக்காட்டியது. இந்திய விதிகளின்படி வணிக விமானி உரிமத்திற்கு 200 மணி நேரப் பறப்பு வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பாளராகப் பறந்திருக்க வேண்டும். ஆக, மாணவர் தன் பொறுப்பில் தனித்து முடிவெடுக்கவே முதலில் பழகுகிறார். பின்னர் தனித்து முடிவெடுக்கும் அதிகாரமே இல்லாத இருக்கையில் அமர்த்தப்படுகிறார். ஓர் இருக்கையின் தகுதி அளக்கப்பட்டு மற்றோர் இருக்கை வழங்கப்படுகிறது.

இந்திய விபத்துகளைப் பேசும்போது பண்பாட்டு விளக்கம் ஒன்று எளிதில் முன்வந்து நிற்கும். மூத்தோரை மறுத்துப் பேசாத ஆசியச் சமூகங்களின் இயல்பே காரணம் என்பது அது. 1997இல் குவாமில் நிகழ்ந்த கொரியன் ஏர் விபத்திற்குப் பின் இவ்விளக்கம் பெரும் புகழ்பெற்றது. இதில் உண்மையே இல்லை எனக் கூற முடியாது. ஆனால் டெனரீஃபில் வாய்மூடியவர்கள் டச்சுக்காரர்கள். போர்ட்லேண்டில் தாழ்ந்த குரலில் பேசியவர்கள் அமெரிக்கர்கள். சமத்துவத்தைப் போற்றும் சமூகங்களிலும் விமானி அறைச் சரிவு செங்குத்தாகவே இருந்தது. மறுதலையாக, 1990 பிப்ரவரி 14 அன்று பெங்களூரில் விழுந்து 92 பேரைப் பலிகொண்ட இந்தியன் ஏர்லைன்ஸின் ஏ-320 விமானத்தில், ஓட்டியவர் தலைமைப் பதவிக்கான சோதனைப் பயணத்தில் இருந்தவர், அருகில் இருந்தவர் அவரைச் சோதித்த மூத்த விமானி. அங்குக் கண்காணித்தவர் இளையவர் அல்லர். ஆயினும் எஞ்சின் விசை தாழ்நிலையில் இருக்க வேகம் குறைந்துகொண்டே சென்றதை இருவரும் உரிய நேரத்தில் உணரவில்லை. பண்பாடு ஒரு காரணி; பணி வகுக்கப்பட்ட முறை அதனினும் நெருங்கிய காரணி.

2007 மார்ச் 7 அன்று இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் கருடா நிறுவன விமானம் மிகுவேகத்தில் இறங்கி ஓடுபாதையைத் தாண்டியது. 21 பேர் மாண்டனர். தரை அணுகலை எச்சரிக்கும் கருவி திரும்பத் திரும்ப ஒலித்தது. துணை விமானி மேலெழும்படி கூறினார். அத்தகைய நேரத்தில் துணை விமானி கட்டுப்பாட்டை ஏற்கவேண்டும் என்று நிறுவன விதியே கூறியது. ஆனால் அவ்வெச்சரிக்கைகளுக்கு எவ்வாறு வினையாற்றுவது என்பதற்குச் சிமுலேட்டர் பயிற்சி அளிக்கப்படவில்லை என்று விசாரணை கண்டது. மூன்றாண்டுகள் கழித்து மங்களூர். அங்குத் தலைமை விமானி பயணத்தின்போது நெடுநேரம் உறங்கியிருந்தார். இறங்குபாதை வரம்பைவிட உயர்ந்திருந்தது. துணை விமானி மும்முறை மேலெழும்படி கூறினார். அவர் கட்டுப்பாட்டை ஏற்காமைக்கு, துணை விமானிக்கு அவ்வதிகாரம் அளிக்கும் அறிவுறுத்தல்களில் இருந்த தெளிவின்மை காரணமாகலாம் என்று விசாரணைக் குழு எழுதியது. பத்தாண்டுகள் கழித்துக் கோழிக்கோடு. துணை விமானி முதலில் தயக்கம் தோய்ந்த, வரையறைக்குட்படாத சொற்களால் கவனத்தை ஈர்க்க முயன்றார். அதன்பின்னரே 'கோ அரவுண்ட்' என்றார். ஓடுபாதையின் ஏறத்தாழப் பாதியைக் கடந்தே சக்கரங்கள் தரையைத் தொட்டன. செங்குத்தான அதிகாரச் சரிவையும், நிறுவனத்தின் குழுப்பணிப் பயிற்சி பயனளிக்காமையையும் 2021இல் வெளிவந்த அறிக்கை வெளிப்படையாகவே குறிப்பிட்டது. தனிமனிதத் தவறுகளோடு அமைப்பின் தோல்வியையும் சேர்த்தே கருதவேண்டும் என்றது.

இம்மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகும். முதலாவதில் விதி இருந்தது, பயிற்சி இல்லை. இரண்டாவதில் விதியே தெளிவாக இல்லை. மூன்றாவதில் பயிற்சி என்னும் பெயரில் ஒன்று இருந்தது, ஆனால் அது வேண்டிய நொடியில் கைவரை எட்டவில்லை. அரசனைத் தக்க வேளையில் இடித்துரைப்பது அமைச்சனின் கடமை என்று தமிழ் மரபு நெடுங்காலமாகக் கூறிவருகிறது. எனினும் இடித்துரைக்கும் அமைச்சனுக்கு மறுநாள் என்பது உண்டு. இன்று கேளாத மன்னன் நாளை கேட்கலாம். ஓடுபாதையின் முனையை நெருங்கும் விமானத்தில் மறுநாள் இல்லை. ஆகவே இடித்துரைத்தலோடு நின்றுவிடும் பயிற்சி அரைப் பயிற்சியே ஆகும். இருமுறை கூறியும் மறுமொழியோ மாற்றமோ இல்லையெனில் ஓட்டுபவர் செயலிழந்தவராகவே கருதப்பட்டுக் கட்டுப்பாடு கைமாற வேண்டும் என்னும் நடைமுறை உலகின் பல நிறுவனங்களில் உண்டு. அது கோபத்தின் வெளிப்பாடும் அன்று, அவமதிப்பும் அன்று. மாரடைப்பு வந்தவரிடமிருந்து கட்டுப்பாட்டை ஏற்பதைப் போன்ற ஒரு தொழிற்செயல்.

அதனை மாணவர் ஏட்டில் மட்டும் படித்தால் போதாது. பெருங்கடன் பட்டுப் படித்த இருபத்திரண்டு வயது இளைஞர், தம் மதிப்பீட்டுப் படிவத்தில் கையொப்பமிடும் மூத்தவரின் கையிலிருந்து விமானத்தை வாங்குவதை முதன்முறையாக ஓர் உண்மையான ஆபத்தின் நடுவில் செய்துவிடுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. சிமுலேட்டரில் மூத்த பயிற்றுநர் வேண்டுமென்றே வரம்பு மீறி இறங்க, மாணவர் கட்டுப்பாட்டை ஏற்று மேலெழுந்து, அதற்காகவே தேர்ச்சி பெறும் அனுபவம் அவருக்குப் பலமுறை வாய்த்திருக்க வேண்டும். அதே அறையில், இளையவரிடம் மறுப்பின்றிக் கட்டுப்பாட்டை விட்டுக்கொடுக்கும் பயிற்சி மூத்தவருக்கும் வேண்டும். 1979இல் முன்வைக்கப்பட்ட பரிந்துரை இரண்டு தரப்பாரையும் நோக்கியே எழுதப்பட்டது. சொல்வோரைப் பயிற்றுவிப்பதில் விமானத்துறை நெடுந்தொலைவு வந்துவிட்டது. கேட்போரைப் பயிற்றுவிக்கும் பாதி இன்னும் முற்றுப்பெறவில்லை. மங்களூரிலும் கோழிக்கோட்டிலும் சரியான சொல்லைச் சொன்ன துணை விமானிகள் இருவரும், அதைக் கேளாத தலைமை விமானிகளோடு ஒரே அறையில் மாண்டனர்.